ஏற்றத்தில் இழுவை சாகும் டீசல் வேன்: டர்போவை மாற்றும் முன்

கேள்வி: எங்களிடம் சரக்கு ஏற்றும் டீசல் வேன் ஒன்று இருக்கிறது. 1,80,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. சில மாதங்களாக ஒரு தொந்தரவு. ஏற்றத்திலோ, இன்னொரு வண்டியை முந்தும்போதோ ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் திடீரென்று இழுவை செத்துப்போகிறது. அதற்கப்புறம் எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்கிறது. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. வாரக்கணக்கில் வராமலும் இருக்கும், ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை வருவதும் உண்டு. எஞ்சின் விளக்கு எப்போதாவதுதான் எரிகிறது. ஒரு மெக்கானிக் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டையும் மாற்றி, இஜிஆர் வால்வையும் (வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் வால்வு) கழற்றிச் சுத்தம் செய்தார். பலனில்லை. இன்னொருவர் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, பி0299 என்று வருகிறது, டர்போ போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்கிறார். மாற்றலாமா? அதுவரை வண்டியை ஓட்டலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். டர்போ, அதாவது வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் பாகம், நன்றாகத்தான் இருக்கிறது என்று வண்டியைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஆனால் அது கெட்டுவிட்டது என்பதற்கு இதுவரை யாரும் உங்களுக்கு ஆதாரம் காட்டவில்லை. எஞ்சினில் விலை கூடிய பாகங்களில் ஒன்றை ஊகத்தின் பேரில் கழற்றி எறிவது நியாயமில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தச் சாவிதான். தண்டு உடைந்த டர்போவோ, பேரிங் தேய்ந்து இறுகிய டர்போவோ, சாவியை அணைத்துப் போட்டால் குணமாகிவிடாது. அணைத்துப் போட்டதும் இழுவை திரும்புகிறது என்றால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ தானே முடிவெடுத்து பவரைக் குறைத்திருக்கிறது. லிம்ப் மோடு என்பார்கள். கேட்ட காற்றழுத்தம் வரவில்லை, அல்லது அளவுக்கு மீறி வந்துவிட்டது, அல்லது ஒரு சென்சார் நம்ப முடியாத கணக்கைச் சொல்கிறது என்று அதற்குப் பட்டால், எஞ்சினைக் காப்பாற்ற டீசலைக் குறைத்து டர்போவையும் அடக்கிவிடும். சாவி அணையும்வரை பிடித்த பிடியை விடாது. மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது புதுக் கணக்கு தொடங்கும். எனவே எந்தப் பாகம் கெட்டது என்று கேட்பதற்கு முன்னால், பவரைக் குறைத்த அந்த நொடியில் ஈசியூ எதைப் பார்த்து மிரண்டது என்று கேட்க வேண்டும்.

இதை நீங்களே ஓரளவு உறுதிப்படுத்திக்கொள்ளலாம். அடுத்த தடவை வரும்போது பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி அணையுங்கள். ஈசியூ முழுக்க அடங்க அரை நிமிடம் கொடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பழையபடி இழுத்தால் நான் சொன்னதுதான். பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டால்தான் இழுக்கிறது என்றால் கதை வேறு. சூடேறினால் கைவிடும் எலக்ட்ரானிக் பாகம் இருக்கலாம், அல்லது டாங்கிலிருந்து டீசல் வரும் வழியில் அடைப்பு இருக்கலாம். சாவியைத் தொடாமல், காலை எடுத்து மெல்ல மிதித்தாலே இழுவை திரும்பினாலும் எரிபொருள் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் எந்த கியர், எவ்வளவு ஆர்பிஎம், ஏற்றமா சமதளமா, பாரம் இருந்ததா, எஞ்சின் எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருந்தது, புகை வந்ததா என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு அந்த நோட்டைவிட நல்ல கருவி கிடையாது.

அடுத்து அந்த பி0299. ஈசியூ கேட்ட பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றித் தரும் காற்றழுத்தம், கிடைக்கவில்லை என்பதுதான் அந்தக் கோளாறுக் குறியீட்டின் (கோடு) பொருள். ஏன் கிடைக்கவில்லை என்று அது சொல்லாது. ஹோஸ் கிழிந்திருந்தாலும் இதே கோடுதான், வேக்கம் (வெற்றிடம்) குழாய் ஓட்டையானாலும் இதே கோடுதான், இஜிஆர் மூடாமல் நின்றாலும், டர்போவைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான சோலனாய்டு ஒட்டிக்கொண்டாலும், பிரஷர் சென்சார் பொய் சொன்னாலும் இதேதான். கோடைப் படித்ததும் பாகத்தின் பெயரைச் சொல்லும் பழக்கம் நம் தொழிலில் பரவிக்கிடக்கிறது. கோடு விசாரணையைத் தொடங்கும் இடம், அவ்வளவே.

அந்தக் கோடை அழித்துவிட்டார்களா என்று கேளுங்கள். அழிக்கவில்லையென்றால், அதோடு சேர்ந்து சேமிக்கப்பட்ட ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரங்களை முதலில் எழுதி எடுக்கச் சொல்லுங்கள். கோளாறு பதிவான கணத்தில் ஆர்பிஎம், எஞ்சின் சுமை, வேகம், கூலன்ட் வெப்பம் எல்லாம் என்னவாக இருந்தன என்று அதில் இருக்கும். சில வண்டிகளில் கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும்கூட இருக்கும். நிறையப் பேர் ஸ்கேனரைச் செருகியதும் செய்கிற முதல் வேலை 'கிளியர்' பொத்தானை அழுத்துவது. தடயத்தைத் துடைத்துவிட்டுத் திருடனைத் தேடுவதில் என்ன லாபம்? விளக்கு எப்போதாவதுதான் எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதிலும் புதிர் இல்லை. பல கோளாறுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தொடர்ந்து வந்தால்தான் ஈசியூ விளக்கைப் போடும். அதுவரை 'பெண்டிங்' கோடாக உள்ளே இருக்கும். விளக்கு எரியாத நாளிலும் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பி0299 உடன் பி0234, அதாவது அதிக பூஸ்ட் கோடும் சேர்ந்து கிடந்தால் அது பெரிய செய்தி. ஒரு நாள் குறைகிறது, இன்னொரு நாள் கூடுகிறது என்றால் ஹோஸ் ஓட்டையை விட்டுவிட்டு, டர்போவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் ஏதோ ஒட்டிக்கொள்கிறது என்ற பக்கம் போகலாம்.

இனி உண்மையான சோதனை. இது பட்டறைக்குள் நடக்காது. நின்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் எஞ்சினுக்குச் சுமையே இல்லை; டர்போ முழு அழுத்தம் காட்ட வேண்டிய தேவை வராது. "நாங்க ரேஸ் பண்ணிப் பார்த்தோம், நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். நன்றாகத்தான் இருக்கும். வண்டியில் நீங்கள் வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றி, கோளாறு வரும் மாதிரியான ஏற்றத்துக்கே போக வேண்டும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்யக் கூடாது. மூன்றாவது அல்லது நான்காவது கியரில் 1500 ஆர்பிஎம் அளவிலிருந்து முழு மிதி கொடுத்து 3500 வரை ஏறவிட்டு, அதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவில் வேண்டியவை: ஈசியூ கேட்ட பூஸ்ட், உண்மையில் கிடைத்த பூஸ்ட், டர்போ சோலனாய்டு அல்லது ஆக்சுவேட்டருக்கு (டர்போவின் உள்தகடுகளை அசைக்கும் பாகம்) போகும் கட்டளை சதவீதம், காற்றின் அளவு, டீசல் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பங்கிடும் குழாய்) அழுத்தம் கேட்டதும் கிடைத்ததும், மிதியின் நிலை. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டால் சில ஸ்கேனர்கள் மெதுவாகிவிடும், அப்போது இரண்டு ஓட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம். விலை குறைந்த பொது ஸ்கேனரில் 'கேட்ட பூஸ்ட்' பெரும்பாலும் வராது. அந்த கம்பெனி வண்டிகளுக்கான மென்பொருள் உள்ள ஸ்கேனரை வைத்திருப்பவரிடம் போங்கள்.

கிளம்பும் முன் ஒன்று பார்க்க வேண்டும். சாவி ஆன், எஞ்சின் ஆஃப் நிலையில் எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் காட்டும் அழுத்தமும், ஈசியூ காட்டும் வெளிக்காற்று அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கடல்மட்டத்தில் இரண்டும் 1000 மில்லிபார் பக்கம் இருக்கும், உயரமான இடத்தில் இரண்டும் சேர்ந்தே குறையும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் சென்சாரையும் அதன் வயரிங்கையும் முதலில் பாருங்கள். அளவுகோலே கோணலாக இருக்கும்போது அளந்து பயனில்லை. ஸ்கேனரில் 2300 என்று பார்த்துவிட்டு 2.3 பார் பூஸ்ட் என்று சிலர் மலைப்பார்கள். அது வெளிக்காற்றையும் சேர்த்த கணக்கு. டர்போ கொடுத்தது சுமார் 1.3 பார்தான். இந்த மாதிரி வேன்கள் பலவற்றில் முழு மிதியில் ஈசியூ கேட்பது 2200 முதல் 2500 மில்லிபார் வரை இருக்கும்.

பதிவைப் படிக்கும்போது இழுவை செத்த இடத்தைவிட, அதற்கு இரண்டு மூன்று நொடி முன்னால் என்ன நடந்தது என்பதில்தான் கண் இருக்க வேண்டும். லிம்ப் மோடு வந்தபின் ஈசியூ கேட்கும் அளவையே குறைத்துவிடும், அப்போது கேட்டதும் கிடைத்ததும் ஒட்டிக்கொண்டு சமர்த்தாகத் தெரியும். முன்னால் பாருங்கள். கேட்டது உயரே போகிறது, கிடைத்தது பின்தங்குகிறது, ஆக்சுவேட்டர் கட்டளையோ உச்சத்துக்கு ஏறிவிட்டது. இப்படி இருந்தால் ஈசியூ தன் பக்கம் முழு முயற்சி செய்கிறது, காற்று எங்கோ வீணாகிறது அல்லது டர்போ கட்டளைக்குப் பணியவில்லை. கிடைத்தது கேட்டதைத் தாண்டி எகிறி, அப்புறம் பவர் வெட்டப்பட்டால், டர்போவின் உள்தகடுகள் மூடிய நிலையில் மாட்டிக்கொள்கின்றன. மூன்றாவது வகை எல்லோரும் கோட்டைவிடுவது: லிம்ப் வருவதற்கு முன்பே கேட்ட பூஸ்டே இறங்குகிறது, கிடைத்தது ஒழுங்காகப் பின்தொடர்கிறது. அப்படியானால் டர்போ நிரபராதி. ரெயில் அழுத்தம், எஞ்சின் வெப்பம், டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) என வேறு எதையோ பார்த்து ஈசியூ தானே அடக்கி வாசிக்கிறது.

உங்கள் வண்டியில் பி0299 வந்திருப்பதால் முதல் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதில் நான் முதலில் சந்தேகப்படுவது டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினின் காற்று நுழைவழியான இன்டேக்குக்கும் போகும் ஹோஸ்களை. ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கையும் கண்ணும் போகாத வளைவில் கிழிசல் இருக்கும். எஞ்சின் ஐடிலில் அது மூடிக்கொள்ளும், அழுத்தம் ஏறினால்தான் வாயைத் திறக்கும். முழு மிதியில் 'புஸ்' என்று காற்று சீறும் சத்தம், கரும்புகை, ஹோஸைச் சுற்றி எண்ணெய்க் கறை ஆகியவை அதன் அடையாளம். கிளிப் போட்டு இணைக்கும் குழாய்களில் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தட்டையாகிப்போனாலும் இதேதான். பாரத்தில் எஞ்சின் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் இணைப்பு விலகும், நிறுத்திப் பார்த்தால் கச்சிதமாக இருக்கும். எஞ்சின் மவுண்டிங் தேய்ந்திருந்தால் இது இன்னும் மோசம். கண்ணால் பார்த்து 'ஓகே' சொல்வதை ஏற்காதீர்கள். இன்டேக் வழியை அடைத்து, வண்டியின் வழக்கமான பூஸ்ட் அளவைத் தாண்டாமல் காற்று ஏற்றி, சோப்பு நீர் தெளித்துப் பார்க்கச் சொல்லுங்கள். புகை இயந்திரம் இருந்தால் அதுவும் நல்லது. ஆனால் புகைச் சோதனையில் அழுத்தம் மிகக் குறைவு, பூஸ்டில் மட்டும் திறக்கும் கிழிசல் அதில் தப்பிவிடலாம். ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள குழாயையும் விடாதீர்கள். உள்ளே படலம் உரிந்திருந்தால், வேகமாக உறிஞ்சும்போது அது மடங்கிக் காற்றை மறித்துவிடும்.

ஹோஸ் சரி என்றால் டர்போவின் கட்டுப்பாடு. இந்தக் காலத்து டீசல் டர்போ பெரும்பாலும் மாறும் வடிவமைப்பு கொண்டது. டர்பைன் சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னத் தகடுகள் வட்டமாக நிற்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அவை நெருங்கி, புகை போகும் வழியைக் குறுக்கும். தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சியடிக்குமே, அப்படிப் புகை வேகமெடுத்துச் சக்கரத்தைச் சுழற்றும். வேகம் கூடக்கூடத் தகடுகள் விரியும். இந்தத் தகடுகளை அசைக்கும் வளையத்தில் கரி படிந்தால் சில நேரம் நகரும், சில நேரம் மாட்டிக்கொள்ளும். எப்போதும் மெதுவாக, குறைந்த ஆர்பிஎம்மில் ஓடும் வண்டியில் இது அதிகம்.

அந்தத் தகடுகளை இழுப்பது சில வண்டிகளில் வேக்கம் ஆக்சுவேட்டர், சிலவற்றில் மோட்டார் உள்ள எலக்ட்ரானிக் ஆக்சுவேட்டர். உங்களுடையது வேக்கம் வகை என்றால் கொண்டாட்டம், மலிவாகச் சோதிக்கலாம். பெரும்பாலான வடிவமைப்புகளில் வேக்கம் இழுத்தால் தகடுகள் நெருங்கிப் பூஸ்ட் ஏறும், வேக்கம் கசிந்தால் விரிந்து பூஸ்ட் விழும். கையால் இழுக்கும் சின்ன வேக்கம் பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டி மெல்ல இழுத்தால், கம்பி தடங்கலில்லாமல் முழு நீளமும் நகர வேண்டும். பிடித்தபடி ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். விட்டதும் சட்டென்று திரும்ப வேண்டும். நடுவில் தயங்கித் தயங்கி நகர்ந்தால் தகடு ஒட்டுகிறது. பம்பின் அளவுமானி முள் தானாக இறங்கினால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. இந்தச் சோதனையை எஞ்சின் சூடாக இருக்கும்போதும் ஒரு தடவை செய்யுங்கள். குளிர்ந்த டர்போ நல்ல பிள்ளையாக நடிக்கும். கம்பி நிற்கும் எல்லையைத் தீர்மானிக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருப்ப யாரையும் விடாதீர்கள். அது தொழிற்சாலையில் காற்றோட்டத்தை அளந்து வைத்தது.

ஆக்சுவேட்டர் நன்றாக இருந்தால் பின்னோக்கிப் போங்கள். வேக்கம் பம்ப் கடல்மட்டத்தில் சுமார் 0.8 பாருக்குக் குறையாமல் இழுக்க வேண்டும். குறைந்தால் பிரேக் மிதியும் கனக்கலாம், ஏனென்றால் பிரேக் பூஸ்டரும் பல வண்டிகளில் அதே பம்பிலிருந்துதான் வேக்கம் எடுக்கிறது. பிறகு மெல்லிய வேக்கம் குழாய்கள். சூட்டில் விறைத்து நுனியில் வெடித்திருக்கும். சில சென்டிமீட்டர் குழாய்த் துண்டுக்காக முழு டர்போவை மாற்றிய வண்டிகள் உண்டு. அப்புறம் சோலனாய்டு. அதன் காற்றோட்ட ஃபில்டர் அடைத்தாலும், உள்ளே எண்ணெய் இறங்கினாலும் விட்டுவிட்டுத் தொல்லை தரும். இதே மாதிரி சோலனாய்டு வேறொரு வேலைக்கும் வண்டியில் இருந்தால், பார்ட் நம்பர் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம்.

எலக்ட்ரானிக் ஆக்சுவேட்டர் என்றால் ஸ்கேனரில் அதன் நிலையைக் கேட்டதும் கிடைத்ததும் பார்க்க முடியும். உள்ளே பல்சக்கரம் தேய்வதும், சூட்டில் சர்க்யூட் தடுமாறுவதும் வழக்கம். பல டர்போக்களில் இதைத் தனியாக மாற்றலாம், சிலவற்றில் மாற்றியபின் ஸ்கேனரால் எல்லை கற்பிக்க வேண்டியிருக்கும்.

வயரிங்கைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஆடும் இடத்தில் வயர்க் கட்டு எதிலாவது உரசுகிறதா, கனெக்டரில் எண்ணெயோ பச்சைக் களிம்போ இருக்கிறதா, பின் தளர்ந்திருக்கிறதா என்று எஞ்சின் ஓட ஓட, ஸ்கேனரைப் பார்த்தபடி ஆட்டிப் பார்க்க வேண்டும். பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் லைனைப் பகிர்வதால், சம்பந்தமில்லாத ஒரு சென்சாரின் வயர் உரசினாலும் பூஸ்ட் சென்சார் உளறும்.

பதிவில் கேட்ட பூஸ்டே இறங்கியது தெரிந்தால் மட்டும் மற்ற பக்கம் போங்கள். காமன் ரெயில் எஞ்சினில் ஐடிலில் ரெயில் அழுத்தம் சுமார் 250 முதல் 400 பார். முழுச் சுமையில் பல வண்டிகளில் 1500 பாரைத் தாண்டும். ஏற்றத்தில் கேட்டதைவிடக் கிடைத்தது சரிந்தால் டாங்கிலிருக்கும் பம்ப், குழாய், ஹைபிரஷர் பம்ப், இன்ஜெக்டரின் திரும்பு டீசல் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஃபில்டர் புதிது என்பதால் அதை நிரபராதி என்று விட்டுவிட முடியாது. மாற்றும்போது காற்று உறிஞ்சும்படி பொருத்தியிருந்தாலும் இதே தொல்லைதான். டிபிஎஃப் இருந்தால் அதன் முன்பின் அழுத்த வித்தியாசம் ஐடிலில் சில மில்லிபார்தான் இருக்க வேண்டும். அடைத்திருந்தால் புகை வெளியேற வழியில்லாமல் டர்போ சுழல முடியாது. கரியை எரிக்க அதற்கு 600 டிகிரி செல்சியஸ் பக்கம் வெப்பம் வேண்டும், குறுகிய ஓட்டங்களில் அது கிடைக்காது. இஜிஆரைச் சுத்தம் செய்தவர் அது முழுக்க மூடுகிறதா என்பதையும் ஸ்கேனரில் பார்த்தாரா என்று கேளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு விரல் டர்போவையே காட்டினால், இன்டேக் குழாயைக் கழற்றி உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் இலேசான அசைவு இருப்பது இயல்பு. அது எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழல்கிறது, நிமிடத்துக்கு 1,50,000 சுற்றுகளையும் தாண்டக்கூடும். சக்கரம் சுவரில் உரசிய தடம் இருந்தாலோ, முன்னும்பின்னும் இழுத்தால் உணரும்படி அசைந்தாலோ, இதழ் நுனி உடைந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். குழாயில் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தால் அது டர்போவின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை, எஞ்சின் மூச்சுவிடும் குழாயிலிருந்தும் வரும். தகடுகளில் கரி மட்டும் என்றால் கழற்றிப் பிரித்துச் சுத்தம் செய்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே தெளிக்கும் ஸ்ப்ரேயை நான் நம்புவதில்லை. இலேசான படிவுக்குச் சில வாரம் நிம்மதி தரும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். புது டர்போ போடுவதாக இருந்தால் எண்ணெய், எண்ணெய் ஃபில்டர், டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். இன்டர்கூலரில் தேங்கிய எண்ணெயையும் வடித்துவிட வேண்டும். பழையது ஏன் செத்தது என்று தெரியாமல் புதியதைப் போட்டால் அதற்கும் அதே கதி.

எது மாற்றினாலும், அதே பாரத்தோடு அதே ஏற்றத்தில் மறுபடி பதிவு எடுத்து, கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் சேர்ந்து போவதைக் காட்டிய பிறகே பணத்தைக் கொடுங்கள். ஒரு வாரம் வரவில்லை என்பது உங்கள் வண்டி விஷயத்தில் எதையும் நிரூபிக்காது, நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வாரக்கணக்கில் வராமலும் இருக்கும் என்று.

அதுவரை ஓட்டலாமா என்றால், பாரத்தைக் குறைத்து, முந்துவதைத் தவிர்த்து ஓட்டலாம். எதிரே வண்டி வரும்போது பாதி முந்தியபடி இழுவை செத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீலப்புகை, விசில் மாதிரிக் கீச்சிடும் புதிய சத்தம், எண்ணெய் மட்டம் வேகமாகக் குறைவது, எண்ணெய் அழுத்த விளக்கு எரிவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் நிறுத்திவிடுங்கள், இழுத்துக்கொண்டு போய் விடுவதுதான் மலிவு. டர்போ சீல் உடைந்து எஞ்சின் தன் எண்ணெயையே குடிக்க ஆரம்பித்தால், சாவியை அணைத்தாலும் நிற்காமல் முறுக்கிக்கொண்டே போகும். கியர் வண்டியாக இருந்தால், நிறுத்தி, உச்ச கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்தபடி கிளட்சை விட்டு எஞ்சினை மூச்சடைக்க வையுங்கள். கையைப் பானெட்டுக்குள் விடாதீர்கள்.